முத்துக்குளித்துறையும் திறந்த அறிவியலும்

‘திறந்த அறிவியல்’ என்னும் தொடர் அண்மைக் காலத்தேதான் தமிழில் வழங்கத் தொடங்கியது. ஆய்வின் முடிவினை மட்டுமன்றி, அதற்கு அடிப்படையாகிய தரவுகளையும், அவற்றைத் திரட்டிய முறையினையும் விலையும் தடையும் இன்றி யாவரும் காணவும் சோதிக்கவும் மீண்டும் பயன்கொள்ளவும் விடுதல் என்பது அதன் பொருள். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த புடாபெஸ்டு அறிக்கை ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திறந்துவிடுதல் பற்றிப் பேசிற்று. 2021 நவம்பரில் யுனெஸ்கோ பொதுமாநாடு ஏற்றுக்கொண்ட பரிந்துரை அதனினும் விரிந்தது. தரவு, கருவி, கல்விப் பொருள் ஆகியவற்றோடு, ஆய்வுக்கூடத்திற்குப் புறத்தே வாழும் மக்களின் வழிவழி அறிவையும் அவ்வெல்லைக்குள் கொணர்ந்தது. தமிழ்த்துறையினர் பலர் இதனை உயிரியலார்க்கும் இயற்பியலார்க்கும் மட்டுமே உரியதொரு பேச்சென்று கருதி ஒதுங்கி நிற்கின்றனர். அக்கருத்துப் பொருந்தாது என்பதைத் தூத்துக்குடி முத்துக்குளித்துறையின் அறிவு வரலாற்றைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மையில் இந்நெறி தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடிப் பொருநைக்கரை ஊர்களில் அலைந்ததும், ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீட்டு ஏட்டால் பயன் பெற்றதும் யாவரும் அறிந்தவை. 1889-இல் அந்நூலை அவர் வெளியிட்டார். ஏடு பெற்ற இடங்களையும் ஏடுடையார் பெயர்களையும் முகவுரையில் முறையாகக் குறித்தல் அவர் வழக்கம். இன்ன பாடம் இன்ன ஏட்டினது என்று காட்டுதல், பின்வருவார் தம் முடிவைச் சோதித்தற்கு வழிவிடுதலேயாம். தரவைத் திறந்துவைத்தல் என்று இக்காலத்தார் கூறுவது இதனின் வேறன்று.

இனி முத்திற்கு வருவோம். கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கத் தொகைநூல்களும், கிரேக்க மாலுமியின் பெரிப்ளூசும் கூறும்; அவை பலரும் எடுத்துக்காட்டியவை ஆகலின் ஈண்டு விரிக்கவில்லை. முத்துச்சிப்பியைப் பற்றிய முறையான ஆய்வு இக்கடலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சேறத் தொடங்கிற்று. சென்னை அருங்காட்சியகத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றி 1894-இல் ஒரு வெளியீடு செய்தார். 1902-இல் இலங்கை அரசின் அழைப்பை ஏற்று லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் மன்னார் வளைகுடாவிற்கு வந்தார். அவர்க்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் இராயல் கழகத்தால் வெளியிடப்பட்டது. இந்தியக் கரையின் முத்துப் பார்களைப் பற்றி ஹார்னெல் சென்னை அரசிற்கு அளித்த அறிக்கை 1905-இல் வெளிவந்தது.

முத்து உருவாதற்குச் சிப்பியினுள் தங்கும் நாடாப்புழுவின் இளவுயிரே முதன்மைக் காரணம் என்று ஹெர்ட்மன் கருதினார். இக்கொள்கையை லிஸ்டர் ஜேம்சன் என்பார் 1912-இல் விரிவாக ஆராய்ந்து மறுத்தார். ஒருவர் கொள்கையை மற்றொருவர் மறுத்தல் ஆய்வுலகில் அன்றாட நிகழ்ச்சிதான். ஆயினும், மறுத்தற்குரிய படங்களும் விளக்கங்களும் முதல் நூலிலேயே முழுமையாக அச்சிடப்பட்டிருந்தமையாலன்றோ மறுப்பு எளிதாயிற்று? முடிவு மட்டும் அரசின் பேழையுள் கிடந்திருப்பின், அது நெடுங்காலம் ஆணையாகவே நின்றிருக்கும். ஹெர்ட்மனின் ஐந்து பகுதிகளையும் இன்று இணையத்தில் எவரும் பொருட்செலவின்றிப் படிக்கலாம். காலனிய அரசுகள் தம் வருவாய் கருதிச் செய்வித்த ஆய்வு அது. கருதியது வருவாய், எஞ்சி நிற்பது அறிவு.

இப்பழைய பதிவுகளின் அருமை, முத்துக் குளிப்பின் இயல்பை நோக்கினார்க்கே நன்கு விளங்கும். சிப்பி ஆண்டுதோறும் விளைவதன்று. சில ஆண்டுகள் பார்கள் நிறையும். பின்னர்ப் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடக்கும். தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடைபெற்றது. அதற்குப்பின் இற்றைவரை நடைபெறவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் உளர். முத்துக் குளித்தோர் எனத்தக்கார் அறுபதாண்டிற்கு முற்பட்ட நினைவினரே. பார்கள் ஏன் வறண்டன என்று இன்று ஆராயப் புகும் மாணவர்க்கு நேரிற் காண முத்துக் குளிப்பு இல்லை. பழைய கணக்குகளும் ஆய்வறிக்கைகளும் முதியோர் வாய்மொழியுமே உள. முன்னிரண்டும் பெரிதும் கிடைக்கின்றன. மூன்றாவதன் நிலை என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

அறிவை மூடிவைத்ததன் விளைவையும் இக்கரை கண்டதுண்டு. உருண்டை முத்தினைச் சிப்பியினுள் விளைவிக்கும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் கண்டறிந்தனர். அதன் அடிப்படையை நூல்கள் கூறும்: ஒரு சிப்பியின் உடற்போர்வையிலிருந்து சிறு துண்டொன்றை அரிந்தெடுத்து, ஓட்டிலிருந்து கடைந்த மணியோடு சேர்த்து மற்றொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்பினுள் பதித்தல், அத்துண்டு வளர்ந்து பையாகி மணியைச் சூழ்ந்து, படலம் படலமாக முத்துப்பொருளைச் சுரக்கும். கூறுதல் எளிது. எந்த அளவில் அரிதல், எவ்விடத்தில் பதித்தல், சிப்பியை எவ்வாறு தளர்த்துதல், பின்னர் எங்ஙனம் பேணுதல் என்பன கையில் உள்ள அறிவு. அதனை அயல்நாட்டார்க்குக் கற்பித்தலாகாது என்னும் கொள்கையை ஜப்பான் நெடுங்காலம் உறுதியாகக் கடைப்பிடித்தது.

ஆதலின் மையக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அனைத்தையும் அடிமுதல் தாமே கண்டறிய வேண்டியவராயினர். 1947-இல் தொடங்கிய அந்நிலையம், தூத்துக்குடிப் பகுதியில் முத்து வளர்ப்பு ஆய்வினை 1972-இல் மேற்கொண்டது. டாக்டர் கே. அழகர்சாமியின் முயற்சியால் 1973-இல் உருண்டை முத்து விளைந்தது. 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கும் முறையும் கைவந்தது. இவ்வரலாற்றில் முத்து விளைந்ததனினும் யான் பெரிதாகக் கருதுவது அடுத்து நிகழ்ந்ததனை. பிறர் மறைத்ததைத் தாம் வருந்திக் கண்டவர், தாமும் மறைத்தற்கு உரியர் என்று கூறின் உலகம் பெரிதும் குறைகூறாது. அழகர்சாமியோ அடுத்த ஆண்டிலேயே, 1974-இல், ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் அச்செய்தியைக் கட்டுரையாக்கினார். 1991-இல் உணவு வேளாண் அமைப்பின் ஆசிய மண்டலத் திட்டம் ஒன்றன் பொருட்டு, முத்துச்சிப்பி வளர்ப்பும் முத்து விளைவிப்பும் பற்றிய பயிற்சிநூல் தூத்துக்குடியிலிருந்தே உருவாயிற்று. அந்நூல் இன்று இணையத்தில் திறந்து கிடக்கின்றது. அந்நிலையத்தின் பழைய வெளியீடுகளும் அதன் இணையக் காப்பகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இத்துணை அளவில் மகிழ்ந்து நின்றுவிடலாம். ஆயின், யார்க்குத் திறந்தது என்னும் வினா எழுகின்றது. மேற்கூறிய நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளவை. பாரின் இயல்பையும், நீரோட்டத்தையும், வாடைக்கும் கொண்டலுக்கும் கடல் மாறும் வகையையும் ஆய்வாளர்க்குச் சொல்லிக்கொடுத்தவர் இக்கரைக் குளிகாரர்; சொன்னவர்க்குத் தாம் சொன்னது எங்ஙனம் எழுதப்பட்டது என்று அறிய வழியில்லை. விலை என்னும் பூட்டு நீங்கியும் மொழி என்னும் பூட்டு நீங்கவில்லை. திறந்த அறிவியல் பற்றி எழுதும் மேலைநாட்டார் பலர் முதற்பூட்டையே நோக்குகின்றனர். அவர்தம் மொழியே ஆய்வின் மொழியாகவும் இருத்தலின் அடுத்தது அவர் கண்ணில் படுவதில்லை. தமிழ்த்துறை செய்தற்குரிய பணி தொடங்குமிடம் இதுவே என்பது என் துணிபு.

இக்கரையினின்றே எழுந்த தமிழ்நூல்களின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். அண்டிரிக் அடிகள் எனப்படும் என்றிக்கே என்றிக்கசு பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்று எழுதியவர். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடியார் வரலாறு 1586-இல், புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகப் பெரும்பாலோர் கொள்வர். அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர் கடற்கரைப் பரதவரே. எனினும் சில நூற்றாண்டுகளில் அந்நூல்களின் படி ஒன்றும் இக்கரையில் இல்லாதொழிந்தது. தம்பிரான் வணக்கம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்திலும், அடிகளின் தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனிலும் எஞ்சின. பொருள் கொடுத்தவர் பேரர்க்குத் தம் நூலைக் காண்டற்குக் கடல் கடக்க வேண்டியதாயிற்று.

தனிநாயக அடிகளார் ஐரோப்பிய நூலகங்களை நாடிச் சென்று இவற்றைத் தமிழுலகிற்கு அறிவித்தார். அவர் 1948-இல் தூத்துக்குடியில் நிறுவிய தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியே, சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் 1963-இல் தம்பிரான் வணக்கத்தையும், 1967-இல் அடியார் வரலாற்றையும் பதிப்பித்தார். அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் போர்த்துகேய அகராதி 1679-இல் அச்சானது; அதனைத் தனிநாயக அடிகளார் மலேயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக 1966-இல் மீண்டும் வெளியிட்டார். இலக்கணமோ 1982-இல்தான் அச்சேறிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் ஹார்வர்டு வரிசையில் வெளிவந்தது. பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் ஒலியையும் வினைமுற்று வடிவங்களையும் காட்டும் அரிய சான்று அது. கடற்கரைத் தமிழை ஆராயும் நம் மாணவர் எத்தனை பேர் அதனைக் கையிலெடுத்துள்ளனர்? பதிப்பித்தல் திறத்தலின் முதற்படி. கற்பார் கைக்கு எட்டச் செய்தல் இரண்டாம் படி. அறுபதுகளில் தனி அறிஞர் சிலர் செய்ததனை இன்று செய்ய வேண்டியவை பல்கலைக்கழகங்கள். அயல்நூலகங்களோடு உடன்பாடு செய்து, பட வடிவும் தேடத்தக்க எழுத்து வடிவும் ஒருங்கே வெளியிடுதல் ஒரு துறையின் இரண்டாண்டு உழைப்பிற்கு மிகாது.

தொலைவில் உள்ளவற்றை நொந்துகொள்ளும் நாம், நம் அறைகளில் உள்ளவற்றை என் செய்தோம்? ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ செய்த அகழ்வின் பொருட்பட்டியல் 1915-இல் வெளிவந்தது. இன்றும் அதனையே எடுத்தாள்கின்றோம். அங்கு 2003-04, 2004-05 ஆண்டுகளில் நடைபெற்ற அகழ்வின் அறிக்கை பதினைந்தாண்டளவும் வெளிவராது நின்று, வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்றது. தொல்லியலாரை மட்டும் குறைகூறல் நேர்மையன்று. கடற்கரை வழக்குச்சொற்கள், தொழிற்பாடல்கள், நம்பிக்கைகள் பற்றித் தமிழ்த்துறைகளில் எழுந்த ஆய்வேடுகள் பலவற்றில், களத்தில் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் எங்கே என்று கேட்பின் விடை கிடைப்பதில்லை. ஓர் ஆய்வேட்டில் பின்னிணைப்பாக இருந்த சொற்பட்டியல், பக்கம் மிகுந்ததென்று கட்டுமுன் நீக்கப்பட்டதை யான் அறிவேன். நீக்காது விட்ட முடிவுரையினும் நீக்கிய பட்டியலே நின்று பயன்படத்தக்கது.

ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக்குழு 2009-ஆம் ஆண்டு விதிகளில் வகுத்தது. சோத்கங்கா என்னும் காப்பகம் அவற்றை யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. நற்பணியே. ஆயினும் தமிழ் ஆய்வேடுகட்கு ஒரு தனி இடர்ப்பாடுண்டு. அவற்றுட் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டவை. கண்ணுக்கு அவை தமிழே; கணினிக்கோ பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவை. ‘முத்து’ என்று தேடுவார்க்கு, முத்தைப் பற்றியே முந்நூறு பக்கம் எழுதிய ஆய்வேடும் அகப்படாது. வேறு சில அச்சுத்தாளைப் படமெடுத்தவை. அவற்றினுள்ளும் தேடல் இயலாது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னும் இப்பழக்கம் முற்றும் ஒழியவில்லை. திறந்து கிடந்தும் காணப்படாத நூல், கரையான் தின்னாத ஏடு என்னும் அளவில்தான் மேம்பட்டது. ஒப்படைப்பின்போது ஒருங்குறிப் படியைக் கட்டாயமாகக் கேட்டலும், பழைய ஆய்வேடுகளை மாற்றித் தருதற்கு நூலகத்தில் இருவரை அமர்த்தலும் பெருஞ்செலவுடையன அல்ல. மாணவர்க்குப் புதிய தலைப்புக் கொடுக்குமுன் பழையன தேடிப் பார்க்கவும் அப்போதுதான் இயலும்.

ஆய்விதழ்களின் நிலையும் ஆராயத்தக்கது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்தை நடுவண் அரசு 2024 நவம்பரில் ஏற்றது. மூன்றாண்டிற்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில், முப்பது வெளியீட்டாளரின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு சார்ந்த 6,300 நிறுவனங்கட்குக் கிடைக்கும். சிறு நகரக் கல்லூரி ஆசிரியர்க்கு இது பேருதவி. ஆயினும் இது வாயிலைத் திறத்தல் அன்று. நுழைவுச்சீட்டை மொத்தமாக வாங்குதல். நிறுவனத்திற்குப் புறத்தே உள்ள அறிஞர், ஓய்வு பெற்ற ஆசிரியர், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் ஆகியோர் சீட்டில்லாதவரே. மற்றொரு புறம், எழுதியவரிடமே கட்டணம் பெற்று வெளியிடும் இதழ்கள் பெருகியுள்ளன. பதவி உயர்விற்கு எண்ணிக்கை வேண்டுதலின் தமிழாசிரியரும் அவற்றை நாடுகின்றனர். மானியக்குழு வைத்திருந்த இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தகுதி காணும் பொறுப்பு நிறுவனங்களிடமே வந்துவிட்டது. இதனைச் சுமையென்று கருதாது வாய்ப்பென்று கொள்ளலாம். சொற்றொகுதி, ஒலிப்பதிவு, பாடவேறுபாட்டுப் பட்டியல் ஆகியவற்றைத் திறந்து வெளியிட்டவர்க்கு ஒரு கட்டுரைக்குரிய மதிப்பெண்ணேனும் அளிக்கப் பல்கலைக்கழகம் விதி செய்யுமாயின், களஞ்சென்று உழைப்பார் தொகை தானே பெருகும். துறையிதழ்களும் எழுதுவாரிடத்தும் படிப்பாரிடத்தும் பொருள் பெறாது இணையத்தில் வெளிவரல் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை நம் மாணவர் இன்று தேடிக் காண்பது சிகாகோப் பல்கலைக்கழகத்தார் அமைத்த தளத்தில் என்பதை ஈண்டு நினைத்துக்கொள்ளலாம், அவர்க்கு நன்றி.

எல்லாவற்றையும் திறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை பிடித்தல் 2001 முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது, களவோ நின்றபாடில்லை. அட்டையும் சங்கும் செறிந்த இடங்களை ஆய்வாளர் நுட்பமாகக் குறித்து வெளியிடின், முதலில் படிப்பவர் ஆய்வாளராக இரார். குளிகாரர் தம் குடும்பத்திற்கென்று காத்துவைத்த கடலடி அடையாளங்களும் அத்தகையனவே. நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றி உலகறியச் செய்தல் திறத்தலாகாது; அது கவர்தல். எதனைப் பதிவிடலாம், எதனை மறைக்கலாம், தம் பெயர் குறிக்கப்படலாமா என்பவற்றைச் சொன்னவரே முடிவு செய்யவும், பதிவின் படியொன்று அவர் ஊரிலேயே இருக்கவும் வழிசெய்தல் வேண்டும். ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘தகவலாளர் பலர்’ என்று ஒரு வரி எழுதி முடித்தல் போதாது.

உடனடியாகத் தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. முத்துப் பார்களின் பெயர்கள் ஹார்னெல் முதலியோர் அறிக்கைகளில் உரோமன் எழுத்திலேயே உள்ளன. அவ்வெழுத்து நெடிலுக்கும் குறிலுக்கும், லகர ளகர ழகரங்கட்கும் வேறுபாடு காட்டுவதில்லை. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள பெரும்பார் ஒன்றன் பெயரை அவ்வடிவத்தினின்று ‘தொள்ளாயிரம்’ என்றும் படிக்கலாம். ‘தோலாயிரம்’ என்றும் படிக்கலாம். எது சரி என்பதை நூலகத்தில் அமர்ந்து துணிய இயலாது. கடலியலார் வரைபடம் தருவர். பெயரின் உருவத்தையும் பொருளையும் ஆராய்தல் தமிழ்த்துறையின் கடன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும், மையக் கடல் மீன்வள நிலையமும், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் ஒருங்கு கூடின், பார்ப்பெயர், காற்றுப்பெயர், தோணியின் உறுப்புப்பெயர் ஆகியவற்றை ஒலிப்பதிவோடு தொகுத்துத் தமிழில் திறந்து வெளியிடலாம். 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தில் இருபது வயதினராய்க் குளித்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவரிடம் கேட்டற்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.